புதுச்சேரியில் எந்த ஏரியா பாதுகாப்பானது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிப்மரில் வேலை கிடைத்தவர், காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் மகளைச் சேர்த்தவர், ஓய்வுபெற்றுக் கடலோரம் குடியேற நினைப்பவர் என்று புதுச்சேரிக்கு வரப்போகும் யாரும் முதலில் வாடகையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "அந்த ஏரியா எப்படிங்க?" அந்தக் கேள்விக்கும் அதன் கிளைகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் போலீஸும் இல்லை, வீட்டுத் தரகரும் இல்லை. இந்த ஊரில் குடியிருப்பவன், அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்த ஏரியா நல்ல ஏரியா?

ஏரியாவின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், தெருவைப் பாருங்கள். இலாசுப்பேட்டையிலேயே இரவு பத்து மணிக்கு மேலும் ஆள் நடமாட்டம் உள்ள தெரு உண்டு. ஏழு மணிக்கே வெறிச்சோடிப் போகிற தெருவும் உண்டு. இரண்டுக்கும் முகவரியில் ஒரே பெயர்தான். இல்லை, கட்டாயம் பெயர் வேண்டும் என்றால், குடும்பத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இலாசுப்பேட்டை, ரெட்டியார்பாளையம், மூலக்குளம் பக்கம்தான் தேடுகிறார்கள். வாடகையும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும்.

பேட்டை வாரியாகக் குற்றப் புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும்?

நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி எங்கும் கிடைக்காது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. அதில் மாநில வாரியாக, ஒன்றியப் பிரதேச வாரியாகக் கணக்கு இருக்கும். மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டிய பெருநகரங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. புதுச்சேரி நகரம் அந்த அளவுக்குப் பெரியதல்ல என்பதால் அதில் இடமில்லை. 'புதுச்சேரி' என்ற வரியில் இருக்கும் எண் மொத்த ஒன்றியப் பிரதேசத்துக்குமானது. அதாவது காரைக்கால், கேரளத்துக்குள் இருக்கிற மாஹே, ஆந்திரத்துக்குள் இருக்கிற யானம் எல்லாம் சேர்ந்த எண். யானத்தில் நடந்த அடிதடியும் அந்தக் கணக்கில்தான் வரும். முத்தியால்பேட்டையில் வீடு பார்ப்பவருக்கு அதனால் என்ன பயன்?

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு காவல் நிலையத்தில் ஓராண்டில் எத்தனை வழக்கு பதிவானது, எந்தெந்தப் பிரிவில் என்று மனுப் போட்டுக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அப்புறம், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. பொறுமை இருந்தால் நீங்கள் குடிபோகும் பகுதியின் காவல் நிலையப் பெயரைப் போட்டுத் தேடலாம். பெரியகடை, ஒதியஞ்சாலை, உருளையன்பேட்டை, முத்தியால்பேட்டை, இலாசுப்பேட்டை, தன்வந்திரி நகர், ரெட்டியார்பாளையம், முதலியார்பேட்டை ஆகியவைதான் நகரத்தையும் அதை ஒட்டிய இடங்களையும் பார்த்துக்கொள்ளும் முக்கியமான நிலையங்கள்.

நம்பியோ போன்ற வெளிநாட்டுத் தளங்களில் ஊருக்கு ஊர் 'குற்றக் குறியீடு' போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது போலீஸ் கணக்கு இல்லை. அந்தத் தளத்துக்கு வந்தவர்களிடம் "உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்கிற பாணியில் கேட்டு வாங்கிய பதில்களின் கணக்கு. அதை நம்பி வீடு பார்க்க வேண்டாம்.

மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் புதுச்சேரியில் குற்றம் அதிகம் என்கிறார்களே?

குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்ற கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் 12,47,953 பேர். அந்தக் கணக்கின்படி வருடத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வழக்கு கூடினாலே விகிதம் ஒரு புள்ளி ஏறிவிடும். தமிழ்நாட்டில் அதே ஒரு புள்ளி ஏற 700 வழக்குக்கு மேல் கூட வேண்டும். அதனால்தான் சின்ன ஊரின் விகிதம் ஒரு வருடம் தலைப்புச் செய்தியாகவும் அடுத்த வருடம் காணாமலும் போகிறது. ஒரே ஆண்டின் எண்ணைக் காட்டி யார் பேசினாலும், "அதற்கு முந்தைய ஐந்து வருடம் எப்படி?" என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம், வகுக்கிற எண்ணில் குடியிருப்பவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வருகிற கூட்டம் அந்த எண்ணில் இல்லை. அவர்கள் தொலைக்கும் செல்போன், போடும் சண்டை, ஓட்டும் போதை வண்டி எல்லாம் வழக்கானால் வழக்குகளின் எண்ணிக்கையில் ஏறும்.

வழக்குப் பதிவு செய்யும் பழக்கம் எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். கேரளத்தின் விகிதம் எப்போதும் உயரத்தில் இருப்பதற்கு அங்கே புகாரைப் பதிவு செய்யும் வழக்கம் அதிகம் என்பது முக்கியக் காரணம். ஒரே சம்பவத்தில் கொள்ளையும் கொலையும் நடந்தால் கொலை மட்டுமே கணக்கில் ஏறும் என்பது ஆவணக் காப்பகத்தின் விதி. போதாததற்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறையாகத் திருடிப் பிடிபட்டவர், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமுதாய சேவைதான் தண்டனை. நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். வாசலில் காணாமல்போன செருப்பும் சைக்கிளும் இனி எந்தப் புள்ளிவிவரத்தில் வரப்போகிறது, சொல்லுங்கள்.

நாட்டு வெடிகுண்டு வீசினார்கள், வெட்டினார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறதே? பயமாக இருக்கிறது.

வருகிறதுதான், மறைப்பதற்கில்லை. புதுச்சேரியின் ரவுடி கோஷ்டிகளும் நாட்டு வெடிகுண்டும் நேற்று முளைத்த கதை இல்லை. அந்தச் செய்திகளை முழுசாகப் படித்தால் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: 'முன்விரோதம் காரணமாக'. முந்தைய கொலை வழக்கில் ஜாமீனில் வந்தவர், பழிக்குப் பழி, மாமூல் தகராறு, ஏரியாவில் யார் பெரியவன் என்ற போட்டி. வழியில் போகிறவரைத் தேடி வந்து செய்வதில்லை.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே சொல்கிறது. 2022-இல் இந்தியாவில் பதிவான கொலைகள் 28,522. அதில் தகராறில் நடந்தவை 9,962, முன்விரோதத்தில் 3,761. பொருளுக்காக நடந்தவை 1,884. முன்பின் தெரியாத திருடன் வீடு புகுந்து கொன்றுவிடுவானோ என்றுதான் நாம் பயப்படுகிறோம். ஆபத்து பெரும்பாலும் தெரிந்தவரிடமிருந்துதான் வருகிறது.

அதற்காக 'நமக்கென்ன, அவர்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள்' என்று தோளைக் குலுக்கிவிட முடியாது. நடுத் தெருவில் குண்டு வீசும்போது டீக்கடையில் நிற்பவரும் அங்கேதான் இருக்கிறார். அதனால் வீடு பார்க்கப் போகும்போது சுவரைக் கொஞ்சம் படியுங்கள். தெருமுனையில் 'அண்ணன்' பிறந்தநாள் பேனரில் யார் யார் முகம், எத்தனை பட்டப்பெயர் என்று பார்த்தாலே கொஞ்சம் புரியும். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகளில் இருபது, இருபத்தைந்து வயது முகங்கள் அடிக்கடி தெரிந்தால் பக்கத்துப் பெட்டிக்கடையில் பேச்சுக் கொடுங்கள். கோஷ்டி மோதலாகவும் இருக்கலாம், பைக் விபத்தாகவும் இருக்கலாம். எதுவானாலும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

ஒரு விஷயம் மட்டும் கோபமாகவே சொல்கிறேன். சில பேட்டைகளின் பெயரைச் சொன்னாலே வீடு கொடுக்க மாட்டேன், பெண் கொடுக்க மாட்டேன் என்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அங்கேயும் காலையில் டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறவர்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். பத்துப் பேர் செய்த வேலைக்கு ஆயிரம் குடும்பம் முகவரியை மறைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

முத்தியால்பேட்டையில் குழந்தைகளோடு இருக்கலாமா? 2024-இல் நடந்தது நினைவிருக்கிறது.

2024 மார்ச்சில் அங்கே ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். ஊரே தெருவுக்கு வந்து போராடியது. அதை வைத்து அந்தப் பகுதியே ஆபத்து என்று சொல்வது சரியில்லை. கைதானவர்கள் அதே பகுதியில் வசித்தவர்கள் என்பதைத்தான் பெற்றோர் மனதில் வைக்க வேண்டும். இது முத்தியால்பேட்டைக்கு மட்டுமான பாடம் இல்லை. குழந்தை தெருவில் விளையாடட்டும். விளையாடும் இடம் யாராவது ஒரு பெரியவர் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும். தெரிந்த மாமா கூப்பிட்டாலும் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று பழக்குங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஒயிட் டவுன் (கடலோரம் உள்ள பழைய பிரெஞ்சுப் பகுதி) இரவில் பாதுகாப்பா?

கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விட மாட்டார்கள். குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருப்பார்கள், போலீஸும் நிற்கும், பயமில்லை. உள்ளே துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதிப் பக்கம் வேறு மாதிரி. அங்கே அரசு அலுவலகம், ஆசிரமக் கட்டடம், ஓட்டல், விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீடு என்று நிறைய இருப்பதால் இரவு ஒன்பதரைக்கு மேல் சில வீதிகளில் ஒரு ஈ காக்கை இருக்காது. பகலில் போட்டோ எடுக்க வரிசை நிற்கிற அதே மஞ்சள் சுவர்தான். குடித்துவிட்டுக் கத்திக்கொண்டு போகிறவர்கள்தான் அங்கே முக்கியத் தொல்லை. குடியிருக்க அங்கே வீடு கிடைப்பதும் அபூர்வம், கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது.

கோட்டக்குப்பத்தில் வீடு மலிவாகக் கிடைக்கிறது. புதுச்சேரி போலீஸ்தானே?

இல்லை. இதை நன்றாகத் தெரிந்துகொண்டு அட்வான்ஸ் கொடுங்கள். முத்தியால்பேட்டையிலிருந்து நேராகப் போய்க்கொண்டே இருந்தால் எங்கே புதுச்சேரி முடிந்தது என்றே தெரியாமல் கோட்டக்குப்பம் வந்துவிடும். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், தனி நகராட்சி, தனிக் காவல் நிலையம். மேற்கே பட்டானூரும் அப்படித்தான். ஆரோவில்லின் பெரும்பகுதியும் விழுப்புரம் மாவட்டம்தான். தெற்கே கடலூர் மாவட்ட ஊர்களும் புதுச்சேரி கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பிரித்துக்கொண்ட துண்டு நிலங்களின் எல்லை இன்றைக்கும் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஓடுகிறது.

வீடு எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் "பாண்டிதாங்க" என்பார். கரண்ட் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். புதுச்சேரி மின்துறை பில்லா, தமிழ்நாடு மின்வாரியத்துடையதா என்று பார்த்தால் முடிந்தது. தெருவில் நிற்கிற வண்டிகளையும் பார்க்கலாம் (பி.ஒய். 01 என்றால் புதுச்சேரி, டி.என். 16 திண்டிவனம், டி.என். 31 கடலூர்), ஆனால் எல்லையோரத்தில் எல்லாம் கலந்துதான் நிற்கும், பில்தான் சரியான சாட்சி.

இதனால் என்ன வித்தியாசம்? அவசர உதவி எண் 112-க்குப் போன் செய்யும்போது எந்தப் பக்கத்து டவர் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போக வாய்ப்பு உண்டு. அதனால் எடுத்த எடுப்பில், "புதுச்சேரி, முத்தியால்பேட்டை" என்றோ "தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், கோட்டக்குப்பம்" என்றோ சொல்லிவிடுங்கள். இங்கே செய்துவிட்டு அங்கே போய்ப் பதுங்குவது, அங்கே செய்துவிட்டு இங்கே வருவது என்பது எல்லையோர ஊர்களின் நிரந்தரத் தலைவலி. இரண்டு போலீஸும் சேர்ந்து வேலை செய்கிறார்கள்தான், ஆனால் இரண்டு அரசுகளுக்கு நடுவே ஒரு பைக் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும்.

சம்பவம் எந்தப் பக்கம் நடந்தது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் நிலையத்துக்குப் போங்கள். "இது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்ப இப்போது சட்டத்தில் இடமில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி எங்கே நடந்திருந்தாலும் அவர்கள் புகாரை வாங்கிப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். சிவப்புத் தொப்பி போட்ட காவலர் என்றால் புதுச்சேரி போலீஸ். பிரெஞ்சுக் காலத்திலிருந்து வருகிற தொப்பி அது.

தெருமுனையில் சாராயக்கடை இருக்கிறது. வீட்டை விட்டுவிடலாமா?

வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிது. இங்கே சாராயக்கடையும் கள்ளுக்கடையும் அரசே ஏலம் விடுகிற, சட்டப்படியான கடைகள். பிராந்திக் கடையும் பாரும் தனி. கடை இருப்பதாலேயே திருட்டு நடக்கும் என்று இல்லை. வாசலில் வண்டி நிறுத்துவது, சுவரில் சிறுநீர் கழிப்பது, பாட்டில் உடைப்பது, பெண்கள் அந்த வழியாக நடக்கத் தயங்குவது, இவைதான் அன்றாட வேதனை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் ஒரு வேலை நாள் இரவும் போய் நின்று பாருங்கள். கடைக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு திருப்பம் இருந்தாலே பாதித் தொல்லை குறைந்துவிடும்.

வீடு பார்க்கும்போது வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தரகர் உங்களைக் காலை பதினொரு மணிக்குத்தான் அழைத்துப் போவார். அந்த நேரத்தில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். நீங்கள் தனியாக இன்னும் இரண்டு முறை போங்கள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை, விடியற்காலையில் ஒரு முறை.

இரவில் தெருவிளக்கைப் பாருங்கள். கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. எத்தனை நாளாக என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். "ரெண்டு நாளா" என்றால் பரவாயில்லை. சிரித்தால், அந்தத் தெருவுக்காகக் குரல் கொடுக்க ஆளில்லை என்று அர்த்தம். முள்செடி மண்டிய காலி மனை ஒட்டி இருந்தால் மதில் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மாடி வீடுகளில் வெளிப்படிக்கட்டு நேராக மொட்டை மாடிக்குப் போகும். மாடிக் கதவு வெறும் தகரமாக, ஒரு சின்னத் தாழ்ப்பாளோடு இருக்கும். முன் வாசலுக்குத் தேக்குக் கதவும் மூன்று பூட்டும் போட்டுவிட்டு இந்தத் தகரக் கதவை மறந்த வீடுகள் ஏராளம். திருடனுக்கு அது தெரியும். கொல்லைப்புறக் கதவு, குளியலறை ஜன்னல் கம்பி, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தாண்டுகிற தூரம், இவையும் பார்க்க வேண்டியவை.

விடியற்காலையில் போனால் பாண்லே (புதுச்சேரி கூட்டுறவுப் பால்) பூத் திறந்திருக்கும். பால் வாங்க யார் வருகிறார்கள், பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்களா, வயதானவர்கள் நடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே ஒரு பாக்கெட் வாங்குங்கள். ஐந்தரை மணிக்கே வாசலில் பெண்கள் குனிந்து கோலம் போடுகிற தெருவில் எனக்கு நம்பிக்கை அதிகம். பூத்காரரிடம் "இங்கே வாடகைக்கு வரலாம்னு இருக்கோம்" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் கேட்காததையும் சொல்வார்.

பெண்கள் தனியாகவோ விடுதியிலோ தங்கலாமா?

நிறையப் பேர் தங்குகிறார்கள். மாணவிகள், செவிலியர்கள், கடைகளில் வேலை செய்பவர்கள் என்று சாயங்காலத்துக்குப் பிறகும் நடமாடுகிற ஊர் இது. கவனிக்க வேண்டியது கடைசிக் கொஞ்ச தூரம்தான். பஸ்ஸோ டெம்போவோ இறக்கிவிடும் இடத்திலிருந்து வீடு வரை எப்படி இருக்கிறது? காலாப்பட்டுப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய விடுதி என்றால் அந்த நடையை இரவில் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுச் சேருங்கள். ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். மீட்டரைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பின்தொடர்வது, வேண்டாம் என்ற பிறகும் போனிலோ நேரிலோ தொந்தரவு செய்வது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆவது பிரிவில் முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை. 'சும்மா பார்க்கிறான்' என்று தள்ளிப்போடாமல் முதலிலேயே அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. 2022-இல் நாடு முழுவதும் பெண்களுக்கு எதிராகப் பதிவான 4,45,256 வழக்குகளில் மிகப் பெரிய பங்கு, 31 சதவீதத்துக்கு மேல், கணவர் அல்லது அவருடைய உறவினர் செய்த கொடுமை. 'பாதுகாப்பான ஏரியா' என்று தேடும்போது இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பெண்களுக்கான உதவி எண் 181 அதற்கும் உண்டு.

வீட்டுக்காரர் ஆதார் நகல் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம். வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுப்பது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை இணையத்தில் இறக்கிக் கொடுங்கள். நகலின் குறுக்கே 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதுங்கள்.

பொங்கல், கோடை லீவுக்கு ஊருக்குப் போனால் வீடு என்ன ஆகும்?

பூட்டிய வீட்டில்தான் திருட்டு. ஆள் இருக்கும் வீட்டில் குறைவு. நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். பீரோ சாவியை அரிசிப் பானையிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ வைக்க வேண்டாம். திருடனும் நம் ஊர்க்காரன்தான், அவன் வீட்டிலும் அங்கேதான் வைப்பார்கள். காவல் நிலையத்தில் தேதிகளை எழுதிக் கொடுத்தால் ரோந்து போகும்போது பார்ப்பார்கள். பேப்பரை நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வாசல் தெளிக்க வையுங்கள், வாசல் காய்ந்து கிடக்கிற வீடு தூரத்திலிருந்தே தெரியும். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

செயின் பறிப்பு?

நடக்கிறது. விடியற்காலை நடை, வாசலில் கோலம், ஸ்கூட்டரில் தனியாகப் போகும்போது, முகவரி கேட்பது போல வண்டியை ஓரம் கட்டுகிறவர்கள், இப்படித்தான் பெரும்பாலும். மாசி மகத் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரை, ஆடியில் வீராம்பட்டினம் தேர், வில்லியனூர் தேர் என்று கூட்டம் நெருக்குகிற இடங்களில் கழுத்தைச் சேலையால் மூடிக்கொள்ளுங்கள். இழுத்தால் விட்டுவிடுங்கள், பைக்கோடு இழுபட்டு விழுந்தால் தலையில் அடிபடும். பறிப்பு இப்போது தனிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 304-ஆவது பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை.

செல்போன், பைக் போனால்?

காந்தி வீதி சண்டே மார்க்கெட் நெரிசலில் போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்கள், பிறகு காவல் நிலையத்தில் புகார், அந்தப் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டுக் கருவியையே முடக்கலாம். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் அந்த எண் வரும். இப்போதே அழுத்தி எங்காவது எழுதி வையுங்கள், போன் போன பிறகு அழுத்த முடியாது.

பைக்குக்கு ஹேண்டில் லாக்கோடு சக்கரப் பூட்டும் போடுங்கள். வாடகைக்கு ஸ்கூட்டர் எடுப்பவர்கள் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியை எடுங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி இல்லை. திருடு போனாலோ மோதினாலோ காப்பீட்டில் சிக்கல் உங்களுக்குத்தான்.

புகார் கொடுத்தால் வாங்குவார்களா? அலைய விடுவார்களே?

சில நேரம் அலைய விடுவார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் அலைச்சல் குறையும். நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய நடைமுறைச் சட்டத்தில் மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 14 நாள் வரை ஆரம்ப விசாரணை நடத்தலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் புகார் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

புகாரைத் தமிழிலேயே எழுதுங்கள். நாள், நேரம், இடம், என்ன போனது, பார்த்தவர் யார். ஒரு பக்கம் போதும். பொருளின் மதிப்பைக் குறைத்து எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். ஏன் என்பது 5,000 ரூபாய் சமாசாரத்தைப் படித்தவர்களுக்குப் புரியும். சாட்சி சொல்ல வேண்டியவர் பெண்ணாகவோ 60 வயதைத் தாண்டியவராகவோ இருந்தால் அவரை நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

ஆன்லைன் மோசடி?

எந்தப் பேட்டையில் இருந்தாலும் இது வீடு தேடி வரும். பணம் போனால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். நிமிடங்கள் முக்கியம், பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்தினால்தான் உண்டு. வீடியோ காலில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு 'டிஜிட்டல் கைது' என்பவன் திருடன். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்திலேயே இல்லை. வாடகை வீட்டு விளம்பரத்திலும் இந்தக் கூத்து உண்டு: 'ராணுவத்தில் இருக்கிறேன், டோக்கன் அட்வான்ஸ் மட்டும் அனுப்புங்கள்.' வீட்டைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

எதற்குத்தான் உண்மையிலேயே பயப்பட வேண்டும்?

சாலைக்கும் கடலுக்கும். 2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மேலே சொன்ன கொலைக் கணக்கைப் போல ஆறு மடங்குக்குக் கிட்ட. சனிக்கிழமை இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலைக்கவசம் போடுங்கள், பின்னால் உட்காருபவரும் போடட்டும். புதுச்சேரிக் கடல் பார்க்க அமைதியாக இருந்தாலும் உள்ளிழுப்பு பலம். குளிக்க இறங்கி உயிர்விடுபவர்கள் வருடந்தோறும் இருக்கிறார்கள், பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் மீனவர்களே யோசித்துத்தான் இறங்குவார்கள்.

கடலூரோடு ஒப்பிட்டால்?

அங்கே மதுக்கடை, சுற்றுலாக் கூட்டம் இரண்டின் தொல்லையும் குறைவு. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் எல்லாம் பழைய குடியிருப்புகள், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். மற்றபடி வீடு பார்க்கும் முறை ஒன்றுதான்.

'பிள்ளை பிடிக்கிற கும்பல் நம் ஏரியாவில்' என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

இந்தச் செய்திக்கு வயது அதிகம், ஊர்ப் பெயர் மட்டும் மாறும். 2018 மே மாதம் இதே மாதிரி வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வழி தேடி வந்த சென்னைக் குடும்பத்தை ஊரே சேர்ந்து அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. சந்தேகம் இருந்தால் 112-க்குச் சொல்லுங்கள், குரூப்பில் போடாதீர்கள்.

அட்வான்ஸ் கொடுத்துக் குடியும் வந்துவிட்டேன். இப்போது தெரு சரியில்லை என்று தெரிகிறது. என்ன செய்வது?

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னறிவிப்பு கொடுத்தால் காலி செய்யலாம் என்று இருக்கும். எழுத்தில் அறிவிப்பு கொடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் பக்கத்துத் தெருவிலேயே தேடிப் பாருங்கள். பிள்ளையின் பள்ளியும் மாற வேண்டாம், பாண்லே பூத்காரரும் மாற மாட்டார்.